எட்டு மில்லிமீட்டர்

எண்ணெய் இன்றைக்கும் தாச்சியின் இடப்பக்கமே ஓடுகிறது.
முட்டை அதன் பின்னால் போகிறது.
பின்சக்கரத்துக்குக் கீழே இன்னொரு கல் வைக்க வேண்டும்.
முப்பத்தோரு வருஷம் நில அளவையில் நின்றவனுக்கு
ஒரு பஸ்ஸை மட்டமாக நிறுத்தத் தெரியவில்லை என்று
சோமலதா கடையில் சிரிப்பு.
சிரிக்கட்டும்.
இந்த மலையில் சமதரை என்றால்
ரயில்வேக்காரன் வெட்டியதாக இருக்கும்,
இல்லாவிட்டால் யாரையாவது புதைத்ததாக இருக்கும்.

பழைய ரோசா பஸ். பிள்ளைகளை ஏற்றி இறக்கிய வண்டி.
இரண்டு கோட் பெயின்ட் அடித்தும்
பக்கவாட்டில் ‘பாடசாலை’ தெரிகிறது,
‘சேவை’ மட்டும் மறைந்துவிட்டது.
ஏழு மணிக்கு வெள்ளைச் சட்டைகள் கைகாட்டி மறிக்கின்றன.
சன்னலைத் திறந்து தாச்சியைக் காட்டுகிறேன்.

தண்ணீர், இருபது லீட்டர் கேன், இரண்டு நாளைக்கு.
தலைக்கு ஊற்றினால் ஒரு நாளைக்கு.
இரவெல்லாம் விட்ட மூச்சு
விடியும்போது கண்ணாடியில் வழிகிறது.
துணியால் துடைத்துப் பிழிந்தேன்.
அரைக் கோப்பை.
கொட்ட மனமில்லாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

பதுளையில் என் கழுத்திலிருந்து கிள்ளியது
சின்னப் போத்தலில் மிதந்துகொண்டு போனது.
இன்றோடு பதினேழு நாள்.
முதலில் மெஷின் பழுது, பிறகு போயா,
பிறகு ‘புதன்கிழமை பாருங்க’.
ஸ்கேன் தாளில் எனக்கு விளங்கியது ஒன்றுதான்:
எட்டு மில்லிமீட்டர்.

அதை எனக்குத் தெரியும்.
மைலுக்கு ஓர் அங்குலம் என்று தியத்தலாவையில் விரித்த
பழைய தாள்களில் எட்டு மில்லிமீட்டர்
அரைக் கிலோமீட்டர், மேலே ஏழு மீட்டர்.
இங்கிருந்து சோமலதா கடை தாண்டி
தண்டவாளத்தைப் பாதை கடக்கும் இடம் வரைக்கும்.

ஆகவே தினமும் அதை எட்டு வைத்து நடக்கிறேன்.
ஒரு பொதுக் குழாய், பூட்டாதது.
பன்னிரண்டு காம்பரா லயம், ஒன்றில் காலையிலேயே டீவி.
காய்கிற பள்ளிக்கூடக் காலுறைகள்.
கொழுந்து நிறுக்கும் தராசுக்குப் பக்கத்தில்
தராசை நம்பாத ஒரு பெண், பெயர் பூங்காவனம்,
கணக்குப்பிள்ளையிடம் மறுபடி நிறுக்கச் சொல்கிறாள்.
மறுபடி நிறுத்தார்கள். இருநூறு கிராம் கூட.
ஒரு நாய், ஒரு மதகு, மதகுக்குக் கீழே சத்தம்.
இவ்வளவும் என் கழுத்துக்குள்ளா?

சிக்னல் கிடைப்பது அந்தக் கடவையில் மட்டும்தான்.
பஸ்ஸுக்குள் ஒரு கோடும் கிடையாது.
வத்தளையிலிருந்து எவன்ஜலின் அக்கா கேட்கிறாள்,
ஏன் அங்கே போய் நிறுத்தினாய், வீட்டுக்கு வாவேன்.
காட்சி நல்லம் அக்கா, என்கிறேன்.
பொய்யில்லை.
பனி விலகினால் தெற்கே உடவளவை நீர் மினுங்குகிறது.
விலகாத நாள்களும் நல்லம்தான்.

இன்றைக்குக் கடவையில் நின்றதும் போன் நடுங்கியது.
ரீலோட் சலுகை. ஓய்வூதியம் வரவு.
ஐந்து ஐந்தில் தொடங்கும் தவறிய அழைப்பு, இரண்டு தடவை.
ஒஹியப் பக்கமிருந்து ரயில் வந்தது.
அது போகும்வரை காதில் வைக்காமல் இருக்க
ஒரு நியாயம் கிடைத்தது.
நீளமான ரயில். இன்னும் இரண்டு பெட்டி இருந்திருக்கலாம்.

‘சேர், வந்திருக்கு. போனில சொல்ல ஏலாது.
நாளைக்கு ஒன்பதுக்கு வாங்க.’
நல்லதா என்று கேட்கவில்லை.
‘வாகனம் விட இடம் இருக்கா?’ என்று கேட்டேன்.
அந்தப் பொடியன் சிரித்தான்,
என்ன சிரிப்பு என்று நிதானிக்குமுன் சிக்னல் போனது.

கோப்பைகளைத் துவாய்க்குள் சுற்றினேன்.
முட்டைகளைக் காலுறைக்குள்.
எண்ணெய்ப் போத்தல் படுக்கைக்கும் சுவருக்கும் நடுவே.
காஸை மூடினேன். மூடினேனா என்று பார்த்தேன்.
கடைசியாகக் கற்கள்.
காலையில் புதிதாக வைத்ததை உருட்டிவிடப் போனவன்
தூக்கி உள்ளே போட்டுக்கொண்டேன்.
பதுளை ஆஸ்பத்திரி முற்றமும் சரிவுதான்.